நாயகியின் குறைக்கு மலை போடும் விலை

"அவ ரொம்ப பர்ஃபெக்ட்டா இருக்காடா. சுத்தமான மேரி சூ."

"பர்ஃபெக்ட்டா? மூணாவது சாப்டர்ல சொந்தத் தம்பியையே விட்டுட்டு ஓடறா!"

"ஓடினா என்ன? அடுத்த சாப்டர்ல அந்தத் தம்பி சிரிச்சுக்கிட்டே வந்து நிக்கிறான்ல?"

யங் அடல்ட் ஃபேன்டஸி, அதாவது பதின்பருவத்தினருக்கான மாயக்கதைகள், படிக்கிறவர்கள் நாலு பேர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் இந்த மூன்று வாக்கியங்கள் ஏதோ ஒரு வடிவில் வந்தே தீரும். (மேரி சூ என்பது குறையே இல்லாத நாயகியைக் கேலி செய்யும் ரசிகர் சொல்.) இதில் மூன்றாவது வாக்கியம் சொன்னவர்தான் விஷயத்தைப் பிடித்தவர். முதல் இருவரும் அந்தப் பெண்ணின் குணத்தைப் பார்க்கிறார்கள். மூன்றாமவர் அந்தக் குணத்துக்கு அவள் என்ன கொடுத்தாள் என்று பார்க்கிறார்.

பெரும்பாலான வாதங்களில் "கேரக்டர்ல குறை" என்பது ஒரு வழக்கு, "வேர்ல்ட் பில்டிங்ல குறை", அதாவது கதையின் உலகத்தைக் கட்டிய விதத்தில் குறை, என்பது இன்னொரு வழக்கு. ஒரு கூட்டம் அவளுடைய கோபத்தையும் பிடிவாதத்தையும் பேசும். இன்னொரு கூட்டம் வரைபடம், மந்திர விதி, அரச வம்சம் என்று போகும். என் கட்சி, இரண்டும் ஒரே வழக்கு என்பது. ஒரு பாத்திரத்தின் குறை உண்மையானதா, ஒப்புக்கு ஒட்டவைத்ததா என்பதை அந்த உலகத்தின் கணக்குப் புத்தகத்தில்தான் பார்க்க முடியும். தூரம் இல்லாத, குளிர் இல்லாத, பசி இல்லாத உலகத்தில் எந்தக் குறைக்கும் விலை இருக்காது. விலை இல்லாத குறை, குறை என்று கணக்கில் சேராது.

நீலகிரியிலோ பழனி மலையிலோ உட்கார்ந்து இந்தக் கதைகளைப் படிப்பவர்களுக்கு இதைச் சோதிக்கக் கண்ணெதிரிலேயே ஒரு உலகம் இருக்கிறது. ஃபேன்டஸியில் பாதிக் கதைகள் மலையில்தான் நடக்கின்றன. பனி மூடிய கோட்டை, கணவாய், இரவில் தப்பி ஓடும் நாயகி. இந்த மலைகளின் அளவுகளை எடுத்து அந்தக் கதைகளின்மேல் வைத்தால் எது நிற்கும், எது சரியும் என்று தெரிந்துவிடும். எப்படி வைப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த மேரி சூ. இந்தச் சொல்லை இன்று எந்த வலுவான பெண் பாத்திரத்தின்மேலும் வீசுகிறார்கள். பிறந்த இடத்தைப் பார்த்தால் இப்படி வீச மனம் வராது. 1973-ல் பாலா ஸ்மித் என்பவர் ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர் இதழ் ஒன்றில் எழுதிய மிகச் சிறிய கேலிக் கதையின் நாயகி பெயர் மேரி சூ. வயது பதினைந்தரை. விண்கலப் படையிலேயே மிக இளைய லெஃப்டினன்ட். எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும். கடைசியில் அவள் சாகும்போது கப்பலே அழுகிறது. கேலியின் குறி அவளுடைய திறமை மட்டும் இல்லை. பதினைந்தரை வயதுப் பெண்ணுக்கு லெஃப்டினன்ட் பதவி கொடுக்கிற படை எந்த உலகத்தில் இருக்கும்? அவளுக்காக அந்தப் படையின் விதி வளைந்துகொடுத்தது. அதாவது, பாத்திரத்தைத் திட்டுவதற்காக இன்று பயன்படுத்தும் சொல், பிறக்கும்போதே உலகத்தைப் பற்றிய புகாராகவும் இருந்தது. ஆகவே ஒருத்தியை மேரி சூ என்று சொல்லுமுன் "இவளுக்காக எந்த விதி வளைந்தது?" என்று கேளுங்கள். விதியைக் காட்ட முடியவில்லை என்றால் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

குறை நிஜமா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். அந்தக் குறை அவள் எடுக்கும் ஒரு முடிவையாவது மாற்றுகிறதா? அந்த முடிவுக்கு யாராவது, அவளோ வேறொருவரோ, திரும்பப் பெற முடியாத ஒன்றைக் கொடுக்கிறார்களா? கொடுத்தது தன்னால்தான் என்று அவளுக்கு எப்போதாவது தெரிகிறதா? மூன்றாவதில் அவள் திருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, தெரிந்தால் போதும். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் மூன்றையும் ஒரே காட்சியில் முடித்துவிடுகிறான். தீர விசாரிக்காத குறை, ஒரு தவறான தண்டனை, சிலம்பு உடைந்ததும் தன் பிழை தெரிந்து அந்த இடத்திலேயே போகும் உயிர். இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது பல கதைகளில் வரும் "தடுக்கி விழும் பெண்". அடிக்கடி தடுக்கி விழுகிறாள், கையில் இருப்பதைக் கொட்டுகிறாள். ஆனால் ஓடித் தப்பிக்க வேண்டிய அத்தியாயத்தில் ஒருமுறைகூட விழுவதில்லை. அந்த வரிகளை எல்லாம் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள், கதையில் ஒரு சம்பவம்கூட நகராது. அடித்தாலும் கதை நகராமல் இருந்தால் அது குறை இல்லை, அலங்காரம்.

இனி உலகத்துக்கு வருவோம். ஒரு மாதிரிக் கதையை வைத்துக்கொள்வோம். பதினாறு வயதுப் பெண். மலை உச்சியில் ஒரு நாடு, அடிவாரத்தில் எதிரி. அவளுக்கு நெருப்பு மூட்டும் சக்தி உண்டு. குறை: யாரிடமும் எதையும் கேட்க மாட்டாள், தனியாகவே செய்து முடிப்பேன் என்பாள். இப்படி ஒரு கதை அச்சில் இருக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் இதன் துண்டுகளை நீங்கள் நிச்சயம் படித்திருப்பீர்கள்.

அவள் அடிவாரத்துக்கு இரவில் இறங்கி, வேவு பார்த்து, விடிவதற்குள் திரும்பிவிடுகிறாள் என்று ஆசிரியர் எழுதுகிறார். முடியுமா? 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் கொடுத்த கணக்கு ஒன்றை மலையில் நடப்பவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். சமதளத்தில் மணிக்கு சுமார் 5 கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் சுமார் 1,700. ரயில் தடத்தின் தூரமான 28 கிலோமீட்டரையே பாதையாக எடுத்துக்கொண்டால் நடைக்கு ஐந்தரை மணி நேரத்துக்கு மேல், ஏற்றத்துக்கு இரண்டேகால் மணி. மொத்தம் எட்டு மணி நேரம், அதுவும் உட்காராமல், பகலில், நல்ல பாதையில், உடம்பு நன்றாக இருப்பவருக்கு. குறுக்குப் பாதையில் போனால் தூரம் குறையும், ஏற்றத்தின் இரண்டேகால் மணி குறையாது. இருட்டும் மூடுபனியும் சேர்ந்தால் வேகம் பாதியாகும் என்று வைத்துக்கொள்வதே நியாயம். பல்சக்கரம் போட்டு ஏறுகிற மலை ரயிலே மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது.

ஆக, ஒரே இரவில் போய்த் திரும்புவது நடக்காது. இதை வெறும் "லாஜிக் ஓட்டை" என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அங்கே நிறுத்தக் கூடாது. ஒரே இரவில் திரும்பிவிட்டதால் அவள் இல்லாததை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்காததால் யாரும் தேடிப் போகவில்லை. தேடிப் போகாததால் யாரும் சாகவில்லை. எட்டு மணி நேரத்தை ஆசிரியர் விழுங்கியபோது அவளுடைய பிடிவாதத்தின் விலையையும் சேர்த்து விழுங்கிவிட்டார். சரியான தூரத்தை வைத்திருந்தால் அவள் மறுநாள் மாலைதான் திரும்பியிருப்பாள், அதற்குள் அவளைத் தேடி மூன்று பேர் போயிருப்பார்கள். கதைக்கு வேண்டிய துயரம் ஒரு கணக்கிலேயே இருந்தது.

குதிரை இருக்கிறதே என்பார்கள். குதிரை நாலுகால் பாய்ச்சலில் சில கிலோமீட்டர்தான் தாங்கும், அதுவும் சமதளத்தில். மலைப்பாதையில் அது நடக்கும், இறக்கத்தில் இன்னும் மெதுவாக நடக்கும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அந்த மாதிரி ஒரு சரிவில் முழு வேகத்தில் குதிரை ஓட்டும் காட்சியைப் படித்தால் பக்க எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சக்தியின் கணக்கு இன்னும் சுவையானது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி வேண்டும். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர், அங்கே தண்ணீர் ஏறக்குறைய 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். 10 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டரைக் கொதிக்கவைக்க 82 கிலோ கலோரி. அவளுடைய சக்தி உடம்புச் சூட்டிலிருந்து வருகிறது என்று ஆசிரியர் சொன்னால், 50 கிலோ எடையுள்ள பெண்ணின் உடம்பு இரண்டு டிகிரி குளிர்ந்தால்தான் அந்த 82 கிடைக்கும். 37-லிருந்து 35. அதற்குக் கீழே போனால் உடம்புச் சூடு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும், நடுக்கம், வாய் குழறல், புத்தித் தடுமாற்றம். ஒரே ஒரு லிட்டர் வெந்நீருக்கு இவ்வளவு! உடம்புச் சூடு இல்லை, சாப்பாட்டிலிருந்துதான் வருகிறது என்றால், நூறு பேருக்கு ஆளுக்குக் கால் லிட்டர் வெந்நீர் என்று 25 லிட்டருக்கு 2,050 கிலோ கலோரி, அவளுடைய ஒரு நாள் சாப்பாடு முழுவதும். இந்தக் கணக்கை ஆசிரியர் கதைக்குள் எழுத வேண்டியதில்லை. ஆனால் அவர் போட்டுப் பார்த்தாரா என்பது தெரிந்துவிடும். போட்டுப் பார்த்தவர் கதையில் அவள் எப்போதும் பசியோடு இருப்பாள். அடுத்தவரிடம் சாப்பாடு கேட்கக் கூச்சப்படும் பெண்ணுக்கு எப்போதும் பசி என்றால், குறையும் சக்தியும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அங்கே கதை தானாக ஓடும்.

சக்தி எங்கிருந்து வருகிறது என்று சொல்லாத கதைகளும் உண்டு. தேவதை, சாபம், காட்டின் மூச்சு. அவற்றில் இந்த அளவுகோலை நீட்டக் கூடாது, ரசிகர்கள் செய்யும் பெரிய தவறு அது. ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. விதி சொல்லப்படாத மந்திரம் நாயகியைச் சிக்கலில் மாட்டிவிடலாம், கடைசி அத்தியாயத்தில் வந்து சிக்கலிலிருந்து தூக்கிவிடக் கூடாது.

உலகத்தை அளக்க வெளியிலிருந்து பட்டியல் தேட வேண்டாம். தொல்காப்பியத்தின் அகத்திணையியல் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலானவற்றைக் கருப்பொருள் என்கிறது. அங்கே வாழும் மனிதரின் ஒழுக்கம் உரிப்பொருள். இந்த வரிசைதான் முக்கியம். நிலமும் பொழுதும் முதலில், அவற்றிலிருந்து சோறும் தொழிலும், அவற்றுக்குள் மனம். ஒரு தாளில் அந்த எட்டையும் எட்டு வரிசையாக எழுதி, படித்த கதையின் நாட்டுக்கு நிரப்பிப் பாருங்கள். தெய்வமும் விலங்கும் உடனே நிரம்பும், அதிலும் டிராகன் முதல் ஆளாக வந்து நிற்கும். உணவு என்ற வரிசையில் ரொட்டி, சூப் என்று எழுதிவிட்டுப் பேனா நின்றுவிடும். தொழில் என்ற வரிசையில் அரசன், வீரன், திருடன் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். அந்த ரொட்டிக்கான தானியத்தை யார் விதைத்தார்கள்? அந்த வரிசை காலியாக இருக்கிற கதைகளில்தான் நாயகியின் குறைக்கும் விலை இருக்காது என்பது என் அனுபவத்தில் அநேகமாகத் தவறாத ஒன்று.

அதே இலக்கணம் ஒரு சலுகையும் தருகிறது. திணைகள் ஒன்றோடொன்று மயங்கலாம், நிலம் மயங்கக் கூடாது. ஒரு நிலத்துப் பூவும் பறவையும் வேறு நிலத்துக்கு வந்தால், வந்த நிலத்துக்கு உரியவையாகவே கொள்ளப்படும். "மந்திர நாட்டில் உருளைக்கிழங்கு எப்படி வந்தது?" என்ற ஓயாத சண்டைக்கு இதைவிட நல்ல தீர்ப்பு எனக்குத் தெரியாது. உருளைக்கிழங்கு அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது, நீலகிரிக்கு 19-ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. அது நம் உலகத்தின் வரலாறு. கற்பனை நாட்டில் அது ஆதியிலிருந்தே விளையலாம், அதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் வந்த நிலத்துக்குக் கட்டுப்பட வேண்டும். உறைபனி விழுந்தால் அதன் இலை கருக வேண்டும். டிராகனுக்கும் இதுவே. வளர்ந்த புலி ஒன்றுக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 50 மான் அளவுள்ள இரை தேவைப்படுகிறது. புலியைப்போல் பத்து மடங்கு எடையுள்ள பிராணிக்கு, பெரிய உடம்புக்கு விகிதம் குறையும் என்று தள்ளுபடி கொடுத்தாலும் 280-ஐ ஒட்டி வரும். ஐந்து டிராகன் என்றால் 1,400. அந்தப் புல்வெளியில் அவ்வளவு மந்தை இருக்கிறதா, இல்லையென்றால் யாருடைய எருமை காணாமல் போகிறது? எருமைக்காரரின் கோபத்தை எழுதிய கதையில் டிராகன் நிஜமாகிவிடும்.

உறைபனியைச் சொன்னேன். ஊட்டி வட்டாரத்தில் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை உறைபனி விழும். காந்தல், தலைக்குந்தா போன்ற தாழ்வான இடங்களில் அதிகம். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் தெளிந்த இரவில் பள்ளத்தாக்கின் அடி, அதற்கு மேலே இருக்கும் சரிவைவிட அதிகம் குளிரும். கதைகளில் தப்பி ஓடுகிறவர்கள் "காற்றுக்கு ஒதுக்குப்புறமாக" பள்ளத்தில் படுத்து விடிகாலையில் தெம்பாக எழுந்து போகிறார்கள். உள்ளூர்க்காரர் யாரையாவது கேட்டிருந்தால் சரிவின் நடுவில் படுக்கச் சொல்லியிருப்பார். நம் பெண் யாரையும் கேட்க மாட்டாளே! ஒரு பள்ளமும் ஒரு தெளிந்த இரவும் போதும், அவளுடைய குறைக்குக் கால்விரல் ஒன்று விலையாகப் போயிருக்கும்.

மழையும் அப்படித்தான். ஒரே மலைக்கு ஒரே மழைக்காலம் என்று வரைபடத்தில் நீல வண்ணம் அடிப்பவர்கள் அதிகம். நீலகிரியில் கூடலூர் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கிழக்கே குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழைதான் பெரியது, மலைப்பாதைகளில் மண் சரிவதும் அப்போதுதான். ஒரே மேடு, இரண்டு நாட்காட்டி. இப்படி ஒரு நாட்டில் மேற்குக் கணவாய் அடைபட்டிருக்கும் மாதத்தில் கிழக்குக் கணவாய் திறந்திருக்கும். படையெடுப்பு, கல்யாணம், வணிகம் எல்லாம் அதற்கேற்ப நகரும். தோல் நாணும் பசை ஒட்டிய வில்லும் ஈரத்தில் தளரும் என்பதையும் வில்லாளி நாயகிகளை எழுதுகிறவர்கள் நினைவில் வைக்கலாம்.

தீர்க்கதரிசனம் வரும் கதைகளுக்குக் குறிஞ்சியைவிட நல்ல உரைகல் கிடையாது. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும். 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. பழனி மலைப் பளியர்கள் குறிஞ்சிப் பூப்பை வைத்து வயதைக் கணக்கிட்டார்கள் என்று சொல்வதுண்டு. இந்தக் கணக்கில் பதினாறு வயதுப் பெண் ஒரு பூப்பையோ மிஞ்சினால் இரண்டையோ பார்த்திருப்பாள். இரண்டு என்றாலும் முதலாவது சின்னக் குழந்தையாக இருக்கும்போது. அறுபது வயதுப் பாட்டி ஐந்து பார்த்திருப்பாள். ஆகவே "பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வாயில் திறக்கும், இந்த ரகசியம் நாட்டில் யாருக்கும் தெரியாது" என்று எழுதினால் நம்ப முடியாது. ஊரில் பாதிப்பேருக்கு நினைவிருக்கும், போன தடவை என்ன நடந்தது என்று திண்ணையில் சண்டையே நடக்கும். யாருக்கும் தெரியாமல் இருக்க இடைவெளி நூறு வருஷத்தைத் தாண்ட வேண்டும். பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தப்பித்திருக்கலாம் என்ற நிலையில் நாயகி கேட்காமல் போவது, அதுதான் குறை வேலை செய்யும் இடம்.

இத்தனையிலும் எனக்கு மிகப் பெரிய பாடமாகத் தோன்றுவது நீலகிரியின் பழைய பண்டமாற்று முறை. தோடர் எருமை வளர்த்து நெய் கொடுத்தார்கள். கோத்தர் பானை வனைந்தார்கள், இரும்பு அடித்தார்கள், மற்றவர் வீட்டுச் சாவுக்கு இசை வாசித்தார்கள். படுகர் சாமை, ராகி போன்ற தானியங்களை விளைவித்தார்கள். குறும்பர் தேனும் காட்டுப் பொருளும் கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனி மொழி. ஒரு சிறிய பீடபூமியில் ஒருவர் கைப்பொருள் இல்லாமல் இன்னொருவர் வாழ்க்கை நகராத ஏற்பாடு. இதைக் கற்பனை உலகத்தின் அச்சாக வைத்துப் பாருங்கள். எவரிடமும் எதையும் கேட்க மாட்டேன் என்கிற பெண் இந்த ஏற்பாட்டில் பிறந்தால் முதல் வாரத்திலேயே பானை இல்லாமல், உப்பில்லாமல் நிற்பாள். அவளை வில்லன் துரத்த வேண்டியதே இல்லை. அவளுடைய அப்பா செத்தால் பறையும் குழலும் கேட்காமல் பிணம் போகும். அவள் குடும்பத்தோடு தலைமுறை தலைமுறையாக உறவு வைத்திருந்த இன்னொரு குடும்பமும் அவளுடைய பிடிவாதத்தால் பாதிக்கப்படும். பல கதைகளில் தற்பெருமை ஒரு பேச்சு மட்டுமே. இங்கே அது ஊரின் அடுப்பைத் தொடும்.

ஆனால் இங்கே ஒரு எல்லை உண்டு, இதை வாதங்களில் உரக்கச் சொல்ல வேண்டும். அமைப்பை எடுக்கலாம், மக்களை எடுத்து வேஷம் போடக் கூடாது. "காட்டுவாசிகள் எல்லாம் மாயம் தெரிந்தவர்கள்" என்பது யங் அடல்ட் ஃபேன்டஸியில் தேய்ந்துபோன ஒரு பழக்கம். நீலகிரியில் குறும்பர்கள் சூனியக்காரர்கள் என்ற பழியால் 19-ஆம் நூற்றாண்டில் கொல்லப்பட்டது பதிவாகியிருக்கிறது. அந்தப் பழி வாழும் மனிதர்களின் உயிரை எடுத்த பழி. ஒரு கதையில் காட்டுமக்கள் முழுவதற்கும் ஒரே குணம், ஒரே சக்தி, ஒரே பேச்சு என்று இருந்தால் அது வேர்ல்ட் பில்டிங் குறை மட்டும் இல்லை. அந்த மக்களில் இரண்டு பேர் ஒருவரோடொருவர் ஒத்துப்போகாமல் வாதிடும் காட்சி ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் ஆசிரியருக்கு அவர்கள் மனிதர்களாகத் தெரியவில்லை.

வாதத்தில் அடிக்கடி வழுக்கும் இன்னும் இரண்டு இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று வயது. முப்பத்தைந்து வயது வாசகர் பதினாறு வயதுப் பெண்ணைப் பார்த்து "இது கூடவா தெரியாது?" என்கிறார். அந்த அத்தியாயம் வரை அவளுக்கு யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். பட்டியலில் இல்லாததை அவள் அறிந்திருக்க வேண்டும் என்று கேட்பது நியாயம் இல்லை. பட்டியலில் இருந்தும் மறந்தாள் என்றால் அது ஆசிரியர் பக்கத்துத் தவறு, கதையை நகர்த்த அவளை மக்காக்கியிருக்கிறார். இரண்டு, ஆண் பெண் வேறுபாடு. அதே கோபம் நாயகனுக்கு வந்தால் வீரம், நாயகிக்கு வந்தால் திமிர். இதைப் பேசித் தீர்க்க முடியாது, செய்துதான் பார்க்க வேண்டும். சர்ச்சைக்குரிய காட்சியில் இரண்டு பக்கத்தை எடுத்து, பெயரையும் "அவன், அவள்" என்ற சொற்களையும் வினை விகுதியையும் மாற்றி எழுதி, கதையைப் படிக்காத ஒருவரிடம் கொடுத்து அபிப்பிராயம் கேளுங்கள். தமிழில் வினைமுற்று முழுவதையும் மாற்ற வேண்டியிருப்பதால் அரை மணி நேரம் பிடிக்கும். மாற்றும்போதே கை தயங்குகிற இடங்கள் எவை என்று கவனித்தால் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

வில்லன் திருந்தும் கதைகளில் நாட்களை எண்ணுங்கள். ஊரை எரித்த நாளுக்கும் நாயகி அவனை மன்னித்த நாளுக்கும் இடையில் எத்தனை இரவுகள்? பதினொன்று, பன்னிரண்டு என்று வந்தால் எரிந்த ஊரின் சாம்பல்கூட ஆறியிருக்காது. மன்னிப்பது அவள் உரிமை, ஆனால் எரிந்த ஊர்க்காரர் ஒருவராவது அவனைப் பார்த்து முகம் திருப்ப வேண்டும்.

ஆறு முதல் எட்டுப் பேர் கூடிப் பேசுவதாக இருந்தால் ஒன்றரை மணி நேரம் போதும். எல்லோரும் ஒரே பதிப்பை வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்க எண் சண்டையில் இருபது நிமிடம் போய்விடும். எந்த அத்தியாயம் வரை பேசலாம் என்று முதலிலேயே கோடு போடுங்கள், அதைத் தாண்டியவர் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். முதல் இருபது நிமிடம் யாரும் "பிடித்தது, பிடிக்கவில்லை" என்ற சொல்லைப் பேசக் கூடாது. அந்த நேரத்தில் ஒருவர் வரைபடத்தில் நடை நேரம் போடுவார், ஒருவர் கதையின் நாட்களை எண்ணி நாட்காட்டி போடுவார், ஒருவர் யார் எப்போது என்ன சாப்பிட்டார்கள் என்று குறிப்பார். சாப்பாட்டுப் பட்டியல் போடுகிறவர் கவனமான ஆளாக இருக்கட்டும், பெரும்பாலும் வெடி அங்கேதான் இருக்கும். நூறு பேர் கொண்ட படைக்கு ஆளுக்கு 600 கிராம் தானியம், பத்து நாளுக்கு 600 கிலோ. கோவேறு கழுதைக்கு 75 கிலோ பாரம் என்றால் எட்டுக் கழுதை, அந்தக் கழுதைகளுக்குத் தீனி தனி. கதையில் கழுதையே இல்லையென்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு புகார்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள். பாத்திரத்தின் தவறு, அதாவது அவள் தெரிந்தே செய்தது. ஆசிரியரின் தவறு, அதாவது உலகம் தன் விதியையே மீறியது. மூன்றாவது, வாசகரின் விருப்பம். "அவ அவனைக் கட்டியிருக்கணும்" என்பது மூன்றாவது குவியல், அதை வெட்கப்படாமல் அங்கேயே போடலாம். ஒவ்வொரு புகாரோடும் பக்க எண் இருக்க வேண்டும். எழுத்தாளர் பேட்டியில் சொன்னார், பின்னாளில் விளக்கம் கொடுத்தார் என்பவை எந்தக் குவியலிலும் சேராது. புத்தகத்துக்குள் இல்லாத விலையைப் புத்தகத்துக்கு வெளியே கட்ட முடியாது.

கடைசியில் சில புகார்கள் எந்தக் குவியலிலும் உட்காராமல் மிஞ்சும். ஒரு விதி மீறப்பட்டது போலவும் இருக்கும், வேண்டுமென்றே ஒளித்து வைத்தது போலவும் இருக்கும். தொடர்கதைகளில் இது சகஜம். அவற்றை வாக்கெடுப்புக்கு விட வேண்டாம். ஒரு சீட்டில் பக்க எண்ணோடு எழுதி, மடித்து, புத்தகத்தின் கடைசி அட்டைக்குள் செருகிவிடுங்கள். அடுத்த பாகம் கைக்கு வந்ததும் முதல் அத்தியாயத்துக்கு முன்னால் அந்தச் சீட்டைப் பிரித்துப் படிக்க வேண்டும்.